நர்ஸ் லைசென்ஸோடு வக்கீல் ஆபீஸில் வேலை: அமெரிக்கா வந்தவர்களுக்கு

என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை எழுதி, ஆர்.என். (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) லைசென்ஸ் வாங்கி, ஒரு வருடம் நைட் டியூட்டி பார்த்ததும் எல்லோருக்கும் பகல் வேலை மேல் ஆசை வரும். அப்போது 'லீகல் நர்ஸ் கன்சல்டன்ட்' என்ற பெயர் கண்ணில் படும். நல்ல வேலைதான். ஆனால் வந்த கையோடு கிடைப்பதில்லை.

மருத்துவமனை மேல் கேஸ் போட ஒருவர் வந்தால், வக்கீலின் மேஜையில் மெடிக்கல் ரெக்கார்டு மலையாகக் குவியும். லீகல் நர்ஸ் கன்சல்டன்ட் அதைப் படித்து, எந்த நாளில் எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதித் தர வேண்டும். கேஸ் நிற்குமா என்றும் சொல்ல வேண்டும். கவனக்குறைவு இருந்தால் மட்டும் போதாது. அதனால்தான் பாதிப்பு வந்தது என்பதும் நிற்க வேண்டும். பல கேஸ்கள் அங்கேதான் விழும்.

ஒரு படுக்கைப்புண் கேஸ் என்று வைத்துக்கொள்வோம். இரவு 10, 12, 2, 4 என்று தவறாமல் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்ததாக சார்ட் சொல்கிறது. ரேடியாலஜி ரெக்கார்டைப் பார்த்தால், 2 மணிக்கு அவர் சி.டி. ஸ்கேன் அறையில் இருந்திருக்கிறார். யார் எப்போது பதிவு போட்டார் என்று கணினி வைத்திருக்கும் ஆடிட் டிரெயிலைக் கேட்டு வாங்கினால், அத்தனை பதிவும் காலை 6.50-க்கு ஒரே மூச்சில் போட்டது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அரக்கப்பரக்க சார்ட் போட்டுப் பழகியவருக்கு இது உடனே உறுத்தும். வக்கீல்கள் காசு கொடுப்பது இந்தக் கண்ணுக்குத்தான்.

அதனால் வார்டில் சில வருடங்கள் கட்டாயம் வேண்டும். இந்தத் துறையின் எல்.என்.சி.சி. சான்றிதழுக்கே 5 வருட ஆர்.என். அனுபவமும், சமீப 5 வருடங்களுக்குள் 2000 மணி நேரம் இந்த வேலையைப் பார்த்திருப்பதும் தேவை. அதாவது, வேலையில் சேர்ந்த பிறகு எடுக்கும் சான்றிதழ் அது. சேருவதற்கு முன்பே பெரும்பணம் கேட்கும் கோர்ஸ்களுக்கு அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்.

விசா விஷயத்தில் விளையாட்டே கூடாது. பலர் இதை 1099 காண்டிராக்டராக (ஊழியராக இல்லாமல், தனியாக வேலை எடுத்து), வீட்டிலிருந்தே செய்கிறார்கள். கிரீன் கார்டில் இருப்பவருக்குச் சரி. எச்-4 (எச்-1பி-காரரின் குடும்பத்துக்கான விசா) என்றால் ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. எச்-1பி வேலை விசா என்றால், உங்களுக்காக மனுப் போட்ட நிறுவனத்துக்கு வெளியே 'சைடு வேலை' கிடையாது.

அப்புறம், நம் ஊர்க்காரர்கள். நீங்கள் வக்கீல் ஆபீஸில் இருப்பது தெரிந்ததும், "அக்கா, அம்மாவோட ஆபரேஷன் சொதப்பிடுச்சு, கேஸ் போடலாமா?" என்று போன் வரும். சட்ட ஆலோசனை சொல்ல உங்களுக்கு அனுமதி இல்லை. சீக்கிரம் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். டென்னசியில் பொதுவாக 1 வருடம், டெக்சாஸில் 2 வருடம்தான் கேஸ் போடக் கெடு. மருத்துவமனை வேலையையும் தொடர்கிறீர்கள் என்றால், பாவம் பார்த்து அங்கே கணினியில் அவர்கள் ரெக்கார்டைத் திறந்துவிடாதீர்கள். நோயாளிகளின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டத்தில் மாட்டினால் வேலை போகும், லைசென்ஸுக்கும் ஆபத்து.

கூலி மணிக்கணக்கில்தான். ஜெயித்தால் பங்கு என்று யாராவது பேசினால் ஒதுங்கிவிடுங்கள்.

விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் எழுத்து மாதிரி கேட்பார்கள். கற்பனை நோயாளி ஒருவரை வைத்து இரண்டு பக்கத்துக்குக் காலவரிசை எழுதிக் கொடுங்கள். பெயரை மறைத்தாலும் சரி, நிஜ ரெக்கார்டைத் தொடாதீர்கள். நிஜ ரெக்கார்டைப் பார்த்ததுமே உங்கள் விண்ணப்பத்தை ஓரம் கட்டிவிடுவார்கள்.