மலிவாக விற்கும் கடையை ஓட்டுவது எப்படி: திருகோணமலைப் பலசரக்குக் கடைகளுக்கான கணக்கு

மலிவாக விற்க நினைப்பவர் விலையில் கை வைக்க முன் சாமான் வகையில் கை வைக்க வேண்டும். ஜெர்மனியின் ஆல்டி கடையில் இருப்பது ஏறத்தாழ 1,500 முதல் 2,000 வகைதான். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் அது 30,000ஐத் தாண்டும். ஒரு சாமானில் ஒன்றிரண்டு பிராண்ட் மட்டும் வைத்து, அதையே மலையாக வாங்குகிறார்கள். விலை பேசும் பலம் அங்கேதான் பிறக்கிறது. பெட்டியின் முன்பக்கத்தை வெட்டி அப்படியே தட்டில் வைத்துவிடுவார்கள். ஒவ்வொன்றாக அடுக்க ஆள் தேவையில்லை. பார்கோட்டைப் பக்கெற்றின் பல பக்கங்களிலும் அச்சிடுவதால், காசாளர் அதைத் தேடித் திருப்பும் நேரமும் மிச்சம்.

இதை மத்திய வீதியிலோ உப்புவெளியிலோ உள்ள ஒரு கடைக்குக் கொண்டுவரலாம். கடந்த மூன்று மாதப் பில்களை எடுங்கள். மாதம் ஒரு பெட்டிகூடப் போகாத சாமான்களைக் கோடிட்டு, புது ஓடரை நிறுத்துங்கள். ஐந்து சவர்க்காரம் இருந்தால் இரண்டு போதும். ஆனால் கற்பூரம், நெருப்புப்பெட்டி, குழந்தைப் பால்மா போன்றவற்றை எண்ணிக்கையைப் பார்த்து வெட்டிவிடாதீர்கள். பால்மாவுக்கு வருகிறவர்தான் அரிசி, பருப்பு, சீனி எல்லாம் சேர்த்து வாங்குகிறார். பால்மா இல்லையென்றால் முழுச் சாமான் துண்டோடும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

அடுத்தது செலவுக் கணக்கு. பெரும்பாலானோர் பிசகுவது இதில்தான். உதாரணத்துக்கு வாடகை 40,000, சம்பளம் (உங்கள் சம்பளமும் சேர்த்து) 60,000, கரண்ட் 20,000, பழுது 15,000 என்று வையுங்கள். மொத்தம் 1,35,000 ரூபாய். மாத விற்பனை 15 லட்சம் என்றால் செலவு 9 வீதம். 200 ரூபாய்க்கு வாங்கியதில் 10 வீதம் வைத்து 220க்கு விற்றால் ஒரு வீதம் மிஞ்சும் என்று தோன்றும். மிஞ்சாது. செலவு வீதம் விற்ற விலையின் மேல் வருவது: 220இன் 9 வீதம் 19 ரூபாய் 80 சதம். கையில் நிற்பது 20 சதம். அதே செலவில் விற்பனை 20 லட்சமானால் செலவு 6.75 வீதமாக இறங்கும். அப்போது விலையை 218 ஆக்கினாலும் 3 ரூபாய்க்கு மேல் நிற்கும். இரண்டு ரூபாய் குறைப்பதற்கான இடம் இப்படித்தான் கிடைக்கிறது. விற்பனை கூடாமல் விலையை மட்டும் இறக்கினால் கைக்காசு கரையும்.

கொள்வனவில் லொறிக் கூலியைக் கவனியுங்கள். கோதுமை மா சீனக்குடாவிலேயே அரைக்கப்படுகிறது. நெல் தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் விளைகிறது. மரக்கறிக்கோ தம்புள்ளை மொத்தச் சந்தைக்குச் சுமார் 110 கிலோமீற்றர் போக வேண்டும். லொறிக்கு 24,000 ரூபாய் என்று வைத்தால், ஒன்றரைத் தொன் ஏற்றினால் கிலோவுக்கு 16 ரூபாய், மூன்று தொன் ஏற்றினால் 8 ரூபாய். நாலு கடைக்காரர் சேர்ந்து ஒரு லொறி பிடிப்பதுதான் புத்தி. தக்காளியைச் சாக்கில் ஏற்ற விடாதீர்கள். அடியில் இருப்பது நசிந்து வரும். பிளாஸ்டிக் கூடை கேளுங்கள்.

உடன் காசுக்கு மொத்தக் கடைக்காரர் 2 வீதம் கழிப்பார் என்றால், அதை விட்டு 30 நாள் கடன் வாங்குவது மாதம் 2 வீத வட்டி கட்டுவதற்குச் சமம். வருடத்துக்கு ஏறத்தாழ 24 வீதம். காசு இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

50 கிலோ சீனி மூடையை ஒரு கிலோப் பைகளாகப் பிரிக்கும்போது தராசைப் பாருங்கள். பையின் எடையைக் கழித்து முள்ளைப் பூச்சியத்தில் வைத்த பிறகே நிறுக்க வேண்டும். பைக்கு 10 கிராம் கூடினால் மூடைக்கு அரைக் கிலோ போகும். குறைத்தாலோ ஆளின் நம்பிக்கை போகும்; அதற்கு விலையே இல்லை. தராசுக்கு அந்த வருட முத்திரை இருக்க வேண்டும். பக்கெற்றில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது குற்றம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று மழை. செத்தல் மிளகாய், சீனி, உப்பு மூன்றையும் பத்து நாளைக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். மூடைகளை நிலத்திலிருந்து நாலு அங்குலம் உயர்த்திய மரத்தட்டில், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். மிளகாய் ஒன்றை ஒடித்துப் பாருங்கள்: சட்டென்று ஒடியாமல் மடிந்தால் ஈரம் ஏறிவிட்டது. வெயில் தெரிகிற அன்றே காயவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து முழு மூடையும் வீண். புதுச் சரக்கு வந்ததும் பழையதை முன்னுக்கு இழுத்துவிட்டுப் புதியதைப் பின்னால் வையுங்கள்.

பிரிட்ஜ் கதவின் றப்பரில் ஒரு கடதாசியை வைத்து மூடுங்கள். இழுத்ததும் லேசாக வழுகி வந்தால் றப்பரை மாற்றுங்கள். குளிர் வெளியே போய்க் கரண்ட் பில் ஏறுகிறது.

கடன் கொப்பி இல்லாமல் இங்கே கடை நடத்துவது கடினம். மலிவு விலையை உடன் காசுக்கு மட்டும் வையுங்கள். கடனுக்குப் பொருத்தமான விலையை முன்பே சொல்லி, ஒருவருக்கு எவ்வளவு தொகை என்று உச்சத்தை எழுதி வையுங்கள். மீனவக் குடும்பங்களுக்குக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் அந்தத் தொகையை எட்டினாலும் அரிசியையும் மாவையும் மறுக்க வேண்டாம். மற்றச் சாமான்களைப் பழைய பாக்கி தீர்ந்த பிறகு கொடுக்கலாம்.