கைக்கும் டேபிளுக்கும் ஒரே பிளஞ்ச் ரூட்டர்: பார்த்து வாங்குவது எப்படி?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு ரூட்டர்தான் வாங்க முடிகிறது. பிட் என்ற வெட்டுமுனையை வேகமாகச் சுழற்றி மரத்தில் காடியும் பள்ளமும் எடுக்கும் மெஷின்தான் ரூட்டர். இடமும் குறைவு, முதலும் குறைவு. காலையில் அது டேபிளுக்கு அடியில் தொங்கிக்கொண்டு கதவுச் சட்டத்துக்குக் காடி எடுக்க வேண்டும். மதியம் அதையே கழற்றிக்கொண்டு போய், மேட்டுச் சரிவில் இருக்கும் வீட்டில் பூட்டுக்கும் கீலுக்கும் பள்ளம் போட வேண்டும். மோட்டார் இரண்டு தூண்களில் ஏறி இறங்கும் பிளஞ்ச் ரூட்டர் இரண்டையும் செய்யும். ஆனால் எல்லா பிளஞ்ச் ரூட்டரும் செய்யாது.

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை வாட் என்று. அதை மூன்றாவதாகக் கேளுங்கள். முதலில் காலெட் அளவு. அடுத்து, தலைகீழாகத் தொங்கும்போது மெஷின் ஒத்துழைக்கிறதா என்பது. வாட் அதற்குப் பிறகுதான்.

காலெட்: முதலில் இதை முடிவு செய்யுங்கள்

பிட்டின் தண்டைப் பிடிப்பது காலெட். கால் இன்ச் என்றால் 6.35 மி.மீ., அரை இன்ச் என்றால் 12.7 மி.மீ. தண்டின் விட்டம் இரண்டு மடங்கானால் அது வளையாமல் நிற்கும் பலம் பதினாறு மடங்காகும். 50 மி.மீ. நீளமுள்ள நேர் பிட்டைக் கால் இன்ச் தண்டில் போட்டு தேக்கில் ஓட்டினால் பிட் அதிரும், வெட்டிய சுவரில் அலை அலையாகக் கோடு விழும், அழுத்தினால் தண்டே முறியும். கதவுப் பலகையின் ஓரத்தைச் சாய்க்கும் பெரிய பேனல் பிட், சட்டத்துக்கான ஜோடி பிட் எல்லாம் அரை இன்ச் தண்டில்தான் உருப்படியாகக் கிடைக்கும். டேபிள் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் அரை இன்ச் இல்லாத மெஷினைப் பார்க்கவே வேண்டாம்.

இங்கே ஏமாற ஒரு இடம் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் 12 மி.மீ. காலெட் மெஷினும் 12.7 மி.மீ. காலெட் மெஷினும் அரை இன்ச் என்ற ஒரே பெயரில் விற்பனையாகின்றன. 12.7 தண்டு 12 காலெட்டுக்குள் நுழையாது. அதனால் ஆபத்து இல்லை. 12 தண்டு 12.7 காலெட்டுக்குள் நுழைந்துவிடும், ஸ்பேனரால் முறுக்கினால் பிடித்தது போலவும் தெரியும், மரத்தில் வைத்ததும் நழுவி இறங்கும். 6 மி.மீ. தண்டைக் கால் இன்ச் காலெட்டில் போட்டாலும் இதே கதை. காலெட்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள், கையில் காலிப்பர் இருந்தால் பிட்டின் தண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

சின்ன பிட்டுகளுக்கு மெஷினோடு ஒரு குழாய் ஸ்லீவ் தருவார்கள். அவசரத்துக்கு உதவும். ஆனால் ஸ்லீவ் ஒரு இணைப்பு கூடுதல், அதனால் பிட் சுற்றும்போது வரும் ஆட்டமும் கூடுதல். கால் இன்ச்சுக்குத் தனிக் காலெட் கிடைக்கிற மெஷினாக இருப்பது நல்லது.

தலைகீழாகத் தொங்கும்போது

கையில் பிடித்து வேலை செய்யும்போது பிளஞ்ச் ஸ்பிரிங் நமக்குத் துணை. ஆழத்தைப் பிடித்து வைக்கும் பூட்டு நெம்புகோலைத் தளர்த்தினால் மெஷின் தானாக மேலே எழும்பி பிட்டை மரத்திலிருந்து எடுத்துவிடும். அதே ஸ்பிரிங் டேபிளுக்கு அடியில் எதிரியாகிறது. மெஷினின் எடையும் ஸ்பிரிங்கும் சேர்ந்து கீழே தள்ளும்போது, அரை மி.மீ. உயர்த்த நினைத்தால் மூன்று மி.மீ. தாவும். ஆகவே ஸ்பிரிங்கைக் கழற்றவோ பூட்டவோ வழி உண்டா என்று பாருங்கள். சில மெஷின்களில் ஒரு பக்கத் தூணின் தலையில் திருகு இருக்கும், அதைக் கழற்றினால் ஸ்பிரிங் வெளியே வந்துவிடும். சிலவற்றில் முழு மெஷினையும் பிரிக்க வேண்டும். ஸ்பிரிங்கை எடுக்கும்போது மெஷின் முழு உயரத்துக்கு எழும்பி நிற்கட்டும், முகத்தை எதிரே வைக்காதீர்கள்.

உயரத்தை டேபிளுக்கு மேலிருந்தே கைப்பிடிக் கம்பியால் திருக முடிந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. ட்ரைடன் டி.ஆர்.ஏ. 001 இந்த எண்ணத்தோடே செய்யப்பட்டது: ஸ்பிரிங் கழலும், மேலிருந்து திருகலாம், முழுதாக உயர்த்தினால் காலெட் டேபிளுக்கு மேலே வந்து தானே பூட்டிக்கொள்ளும், ஒரே ஸ்பேனரில் பிட் மாற்றலாம். எந்தக் கம்பெனி மெஷினானாலும் அதை அளவுகோலாக வைத்துப் பாருங்கள். காலெட் நட் டேபிள் மட்டத்துக்காவது வரவில்லை என்றால் ஒவ்வொரு பிட்டுக்கும் மெஷினைக் கழற்ற வேண்டியிருக்கும், இரண்டே வாரத்தில் டேபிள் மூலைக்குப் போய்விடும்.

டேபிளில் மாட்டும் அலுமினியத் தகடு 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது, குறைந்தால் எடையில் தொய்ந்து நடுவில் பள்ளம் விழும். அந்தத் தடிமன் அப்படியே பிட்டின் உயரத்திலிருந்து கழியும். மெஷினின் அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிவிட்டு மாட்டினால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். தட்டின் அதே திருகு ஓட்டைகளைப் பயன்படுத்துங்கள். தகட்டின் தடிமனுக்கு ஏற்ற நீளத்தில், தலை மேலே நீட்டாத கவுண்டர்சங்க் திருகாக வாங்குங்கள்.

சுவிட்சையும் கவனியுங்கள். அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் டிரிகர், பூட்டும் பொத்தான் இல்லாவிட்டால் டேபிளுக்கு உதவாது. மலையில் கரன்ட் போவதும் வருவதும் சாதாரணம். ஆன் நிலையிலேயே விட்ட மெஷின், கரன்ட் திரும்பியதும் தானே சீறிக் கிளம்பும். அப்போது உங்கள் விரல் பிட்டின் மேல் இருக்கக்கூடும். டேபிளின் முன்பக்கம் நோ-வோல்ட் சுவிட்ச் (கரன்ட் போனால் தானே அணைந்து, மறுபடி போடும்வரை ஓடவிடாத சுவிட்ச்) ஒன்று கட்டாயம் வையுங்கள். சில புது மெஷின்களில் இந்தப் பாதுகாப்பு உள்ளேயே இருக்கும். கைக்கு அது அருமை. ஆனால் அப்படிப்பட்ட மெஷினை டேபிள் சுவிட்சால் கிளப்ப முடியாது, ஒவ்வொரு முறையும் குனிந்து மெஷினின் சுவிட்சை அணைத்துப் போட வேண்டும். வாங்கும் முன்பே கடை பிளக்கில் சோதித்துவிடுங்கள்.

வாட்டும் வேகமும்

அரை இன்ச் வேலைக்கு 1600 வாட் போதும். பேனல் பிட்டை நாள் முழுக்க ஓட்டுவதென்றால் 2000க்கு மேல். அதைவிட முக்கியம் வேகம் மாற்றும் வசதி. நிமிடத்துக்கு 22,000 சுற்றில் மட்டும் ஓடும் மெஷினில் 80 மி.மீ. பேனல் பிட்டைப் போட்டால் அதன் வெட்டு முனை மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். மரம் கருகும், மெஷின் அதிரும், பிட்டின் வெட்டு முனையில் இருக்கும் கார்பைடு என்ற கடினமான சில்லு பிரிந்தால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 25 மி.மீ. வரையுள்ள பிட்டுக்கு 22,000 முதல் 24,000 வரை, 50 மி.மீ. வரை 18,000, 65 வரை 16,000, அதற்கு மேல் 12,000 அல்லது அதற்கும் கீழே. பிட்டின் தண்டில் உச்ச வேகம் பொறித்திருந்தால் அதுவே இறுதி. சுமை ஏறும்போது வேகம் விழாமல் பார்த்துக்கொள்ளும் மின்னணுக் கட்டுப்பாடும், மெதுவாகக் கிளம்பும் வசதியும் சேர்ந்து இருந்தால் நல்லது.

மகிட்டா ஆர்.பி. 2301 எஃப்.சி. 2100 வாட், 9,000 முதல் 22,000 சுற்று. டேபிளுக்குத் தாராளம், ஆனால் 6 கிலோ. போஷ் ஜி.ஓ.எஃப். 130 கைக்கு இனியது, 1300 வாட், 11,000 முதல் 28,000 சுற்று. ஆனால் காலெட் 8 மி.மீ.யைத் தாண்டாது. முன்னது டேபிளில் குடியிருக்க, பின்னது கையோடு வர ஏற்றவை. நடுவில் போஷ் ஜி.எம்.எஃப். 1600 சி.இ. மாதிரி இரண்டு பேஸ் (மோட்டாரைத் தாங்கும் அடிப்பகுதி) கொண்டவை உண்டு: நிலையான பேஸை டேபிளிலேயே விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் உருவி பிளஞ்ச் பேஸில் செருகலாம். தினமும் இரண்டு வேலைக்கும் மாறி மாறி ஓடுபவருக்கு, தனி பிளஞ்ச் மெஷினைவிட இதுவே சரியான தேர்வு.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின் மோட்டார்களின் திறன் பொதுவாக 1000 மீட்டர் உயரம் வரைக்கும் கணக்கிட்டது. ஊட்டி சுமார் 2240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2100. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, மோட்டாரைக் குளிர்விக்க விசிறி இழுக்கும் காற்றும் அந்த அளவு இலேசு. மலைக் குளிர் ஓரளவு ஈடுகட்டும். இருந்தாலும் தேவைக்கு மேல் ஒரு படி பெரிய மோட்டார் வாங்கி, பாதிச் சுமையில் ஓட்டுவதே இங்கே புத்திசாலித்தனம்.

வயரிலும் சக்தி தொலையும். 2100 வாட் மெஷின் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 30 மீட்டர் நீளத்துக்கு 1 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் 10 வோல்ட் வழியிலேயே போகும், 2.5 சதுர மி.மீ. போட்டால் 4 வோல்ட்தான். எஸ்டேட் லைன் வீடுகளில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைவு என்பதால் 2.5-க்குக் கீழே இறங்காதீர்கள். 16 ஆம்பியர் பிளக், எர்த் உள்ள சாக்கெட், சுருளை முழுதாக அவிழ்த்த வயர்: மூன்றும் வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

பிளக்கை மாட்டாமல் மெஷினை மேஜையில் வைத்து, ஒரே ஒரு கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். இறங்காமல் சிக்கிக்கொண்டால் தூண்கள் இணையாக இல்லை, அல்லது தூண் வழுக்கிச் செல்லும் புஷ் (உள்வளையம்) சரியில்லை. பாதி ஆழத்தில் பூட்டிவிட்டு மோட்டாரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் பள்ளத்தின் சுவர் நேராக வராது.

அடுத்து காலெட். நல்ல நேர் பிட் ஒன்றை மாட்டி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை தண்டில் வைத்துக் கையால் சுற்றுங்கள். 0.05 மி.மீ. வரை சரி. 0.1 தாண்டினால் வேண்டாம். கேஜ் இல்லையென்றால் ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தைத் தண்டுக்கு மயிரிழை தள்ளி வைத்துச் சுற்றினால் இடைவெளி மாறுவது வெளிச்சத்தில் தெரியும். நட்டைத் தளர்த்தியதும் பிட் தானே விடுபட வேண்டும். தட்டித்தான் எடுக்க வேண்டுமானால் காலெட் மட்டமானது.

ஓட விட்டு எல்லா வேகத்திலும் கேளுங்கள். பேரிங் சத்தம் சீராக இருக்க வேண்டும். ஆழத் திருகு, மூன்று படி ஆழ நிறுத்தி, கைட் புஷ் (அச்சுப் பலகையை ஒட்டி மெஷினை நடத்தும் வளையம்) மாட்டும் இடம், பக்க ஃபென்ஸ் (மரத்தின் ஓரத்தை ஒட்டி நேராக நடத்தும் தடுப்பு) கம்பிகள் எல்லாம் கைக்குப் பொருந்துகின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். பூட்டு நெம்புகோல் கைப்பிடியை விடாமலே விரலுக்கு எட்ட வேண்டும். கையில் செய்யும் வேலைக்கு இதைவிடப் பெரிய சௌகரியம் வேறில்லை.

முதல் நாள் வேலையில்

பிட்டை அடிவரை செருகி, பிறகு 2 அல்லது 3 மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள். அடியில் முட்டி நிற்கும் பிட் இறுக்கும்போது முழுப் பிடி கிடைக்காமல் நழுவும். ஒரு முறைக்கு எடுக்கும் ஆழம் பிட்டின் விட்டத்தில் பாதி: 12 மி.மீ. பிட்டுக்கு 6, 6 மி.மீ. பிட்டுக்கு 3. மேலிருந்து பார்க்க பிட் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஆகவே கையில் ஓட்டும்போது பலகையின் வெளி ஓரத்தில் இடஞ்சுழியாகவும் உள் ஓரத்தில் வலஞ்சுழியாகவும் மெஷினை நகர்த்துங்கள். டேபிளில் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ளுங்கள். ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவே மரத்தை விட்டால் அதைக் கையிலிருந்து பிடுங்கி எறியும்.

சில்வர் ஓக்கில் பெரிய ரேகைகள் உண்டு, சிராய் எழும்பும். முதலில் குறுக்கு முனைகள், பிறகு நீள ஓரங்கள், கடைசியாக அரை மி.மீ. மட்டும் மெல்லச் சீவினால் சுத்தமாக வரும். தைல மரம் அடர்த்தியானது, நின்றால் கருகும். வேகத்தைக் குறைத்து, மரத்தை நிறுத்தாமல் தள்ளுங்கள். பைன் மரத்துப் பிசின் பிட்டில் ஒட்டி வெட்டைக் கெடுக்கும், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து உலர்த்துங்கள். தேக்கில் உள்ள சிலிக்கா சாதாரண இரும்பு பிட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடும், கார்பைடு மட்டுமே.

மழைக்காலத்தில் மூடுபனி பட்டறைக்குள் புகும்போது பிளஞ்ச் தூண்களில் துரு புள்ளி விழும். எண்ணெய் தடவினால் மரத்தூள் ஒட்டிப் பசையாகிச் சிக்கும். துடைத்துவிட்டு மெழுகு பூசுங்கள். டேபிளில் தொங்கும் மெஷினுக்குள் தூள் கூடுதலாக இறங்கும் என்பதால் வாரம் ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

நீலகிரியில் இருப்பவருக்குப் பெரிய பழுது என்றால் கோயம்புத்தூர், பழனி மலைக்காரருக்குத் திண்டுக்கல் அல்லது மதுரை. ஆகவே மெஷின் வாங்கும் அன்றே அதன் மாடல் எண்ணைச் சொல்லி மோட்டாருக்குள் கரன்ட் கடத்தித் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் ஒரு ஜோடியும் ஒரு உதிரிக் காலெட்டும் கேளுங்கள். இரண்டும் கிடைக்காது என்று கடையில் சொன்னால், மெஷின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.