ஓட்டிப் பார்க்காதீர்கள்: பழைய வாக்குவம் கிளீனரை அடையாளம் கண்டு விலை போடுவது

மூணாறில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. மிக்ஸி, பம்பு செட், எஸ்டேட் ஃபேக்டரி ஃபேன், எது வந்தாலும் காயில் கட்டிக் கொடுப்பேன். ஓடாததை ஓட வைத்தே பழகிய கை. அதனால்தான் என்னிடம் வந்த முதல் வாக்குவம் கிளீனரை நானே கெடுத்தேன்.

தேவிகுளம் பக்கம் ஒரு துரை பங்களாவில் பட்லராக இருந்தவரின் மகன் அதைச் சாக்கில் கட்டிக் கொண்டு வந்தார். "அண்ணாச்சி, இரும்புக்குப் போட்டா என்ன தருவாங்க?" நிமிர்ந்து நிற்கிற ஹூவர் கம்பெனி மாடல். 900 ரூபாய் கொடுத்தேன். ஆர்மேச்சரை, அதாவது மோட்டாருக்குள் சுழலும் காயிலை, புதிதாகச் சுற்றினேன். அலுமினிய உடம்புக்கு பஃபிங் போட்டுக் கண்ணாடியாக்கினேன். பூஞ்சை பிடித்த துணிப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ரெக்சினில் புதுப்பை தைத்தேன். கொச்சியிலிருந்து பழம்பொருள் வாங்க வந்த சேட்டன், ஓட்டிக் காட்டியதை எல்லாம் கவனிக்கவே இல்லை. "பழைய பேக் எவிடே?" என்று மட்டும் கேட்டார். பையும் பழைய பாலிஷும் இருந்திருந்தால் எட்டாயிரம் தந்திருப்பாராம். இரண்டாயிரத்துக்குக் கொடுத்தேன். காயில் கம்பிக் கூலிகூடத் தேறவில்லை.

கையில் இருப்பது வாக்குவம் கிளீனர்தானா என்பதை முதலில் பாருங்கள். பங்களா சாமான்களில் அதிகம் வருவது கம்பளம் கூட்டும் தள்ளு பெட்டி. அடியில் உருளை பிரஷ், பக்கத்தில் சக்கரம், நீளக் கைப்பிடி. அமெரிக்காவில் பிஸ்ஸல் 1876-இல் காப்புரிமை வாங்கியது இந்த வகைக்குத்தான். இங்கிலாந்துச் சரக்கில் யூபேங்க் என்ற பெயர் இருக்கும். அது காற்றை இழுக்காது. கொல்லன் துருத்தி மாதிரித் தோலோ ரப்பர் துணியோ வைத்துக் கையால் அடிக்கிற கருவி கிடைத்தால் அது வேறு கதை: மின்சாரம் வீட்டுக்கு வராத காலத்து அசல் வாக்குவம் கிளீனர். துருத்தி கிழிந்திருந்தாலும் விடாதீர்கள்.

நம் கீழ்நாட்டு வீடுகளில் இவை ஏன் கிடைப்பதில்லை என்று கேட்பார்கள். சிவப்புத் தரைக்கு விளக்குமாறு போதுமே. கம்பளம் விரித்த வீட்டுக்குத்தான் இது தேவைப்பட்டது. இந்தப் பக்கம் அது துரை வீடு.

அடுத்தது தகடு. அடியிலோ மோட்டார் மூடியிலோ ஒரு சின்னப் பித்தளை அல்லது அலுமினியத் தகடு இருக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், உப்புத்தாள் கூடவே கூடாது. கம்பெனி பெயரைவிட ஊர்ப் பெயர் அதிகம் பேசும். ஸ்பாங்ளர் என்ற ஆஸ்துமாக்கார துப்புரவுத் தொழிலாளி, ஃபேன் மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை இவற்றைக் கொண்டு ஒன்றைச் செய்தார். அவரிடம் உரிமையை வாங்கி ஹூவர் 1908-இல் விற்கத் தொடங்கியது ஒஹாயோவில் நியூ பெர்லின் என்ற ஊரில். முதல் உலகப்போர் சமயத்தில் ஜெர்மன் பெயர் ஆகாது என்று 1918-இல் அது நார்த் கேன்டன் ஆனது. தகட்டில் நியூ பெர்லின் என்றிருந்தால் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டிய சரக்கு. லண்டனை ஒட்டிய பெரிவேல் என்றிருந்தால் 1930-களுக்கு முன் போகாது. அந்தப் பக்கத்து ஹூவர் ஜூனியர் எக்கச்சக்கமாக விற்ற மாடல். பார்க்க அழகு, விலை சுமார்.

கோப்ளின் என்ற பெயர் வந்தால், 1901-இல் குதிரை வண்டியில் மோட்டார் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்திக் குழாய் விட்டு உறிஞ்சிய ஹியூபர்ட் பூத்தின் கம்பெனி வழி வந்தது என்று அறிக. சறுக்குக் கட்டை மாதிரி ஓடுகாலில் படுத்திருக்கும் நீள உருளை என்றால் எலக்ட்ரோலக்ஸ். அந்த உருவம் 1921-இன் மாடல் ஐந்தில் தொடங்கியது. ஹூவர் 150, 1936-இல் ஹென்றி ட்ரேஃபஸ் வடிவமைத்தது. அதன் மூடி பேக்கலைட் என்ற பழைய காலத்துக் கெட்டி பிளாஸ்டிக். பேக்கலைட்டா என்று தெரிய, கட்டை விரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கார்பாலிக் சோப்பு வாடை லேசாக வரும். உருண்டைப் பந்தாக இருந்தால் 1950-களின் ஹூவர் கான்ஸ்டலேஷன்.

விற்பவர் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "இது தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு முந்தியது." கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924 வெள்ளம்தான் இங்கே பழமைக்கு அளவுகோல். பள்ளிவாசல் மின்நிலையம் ஓடத் தொடங்கியதே 1940-இல். அதற்கு முன்பு சொந்தமாக மின்சாரம் எடுத்த எஸ்டேட் சரக்காக இருக்கலாம். பிறகு இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்ததாகவும் இருக்கலாம். கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், விலையைத் தகட்டுக்குக் கொடுங்கள்.

மின்சாரம் கொடுப்பதைப் பற்றி: கொடுக்காதீர்கள். பழைய வயரில் ரப்பர் நொறுங்கிப் போய், வெளிநூல் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். உடம்பு முழுக்க உலோகம். அமெரிக்க மாடலாக இருந்து தகட்டில் 110 என்று போட்டிருந்தால் நம் 230-இல் மாட்டிய மறு நிமிடம் ஆர்மேச்சர் கருகும். தெரிந்தே ஆக வேண்டும் என்றால் வைண்டிங் கடைக்குக் கொண்டு போங்கள். உடம்பில் லீக் இருக்கிறதா என்று மெகர் என்ற மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, 100 வாட் குண்டு பல்பை சீரீஸில், அதாவது மோட்டாருக்குப் போகும் வயரின் நடுவில், போட்டுப் பார்ப்பார்கள். பல்பு மங்கலாக எரிந்தால் காயிலில் உயிர் இருக்கிறது. முழுப் பிரகாசம் என்றால் ஷார்ட். அவ்வளவு தெரிந்தால் போதும், பழைய வயரை வெட்டாமல் சுருட்டி அப்படியே கட்டி வையுங்கள்.

விலை போடும்போது நான் பார்க்கிற வரிசை: அசல் பை, அதில் எழுத்து தெரிகிறதா, குழாய், முனைகள், அவை வந்த பெட்டி, உடைந்த பேக்கலைட் உண்டா, யாராவது பெயின்ட் அடித்தார்களா. ஓடுகிறதா என்பது கடைசி. நம் மழையில் பை பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும். நிழலில் காய வைத்து மெல்லிய பிரஷால் தட்டுங்கள், துவைக்காதீர்கள். உள்ளே பழைய தூசி இருக்கும், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். இணையத்தில் ஆள் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். அதிலும் வெளிநாட்டு விலை இங்கே ஆகாது, பார்சல் செலவே பாதியைத் தின்னும்.

நூறு வருடம் தாண்டிய பொருளாகத் தெரிந்தால் வெளிநாட்டுக்காரருக்கு அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், அதில் சேரும் நூறாண்டுப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய விடாது. தொல்லியல் துறையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

போன வாரம் போடியிலிருந்து ஒருவர் 'ஆன்டிக்' என்று யூரோகிளீன் வாக்குவம் கிளீனர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தார். அதை விற்ற கம்பெனி தொடங்கியதே 1982-இல். டீ வாங்கிக் கொடுத்து, மோட்டார் கார்பன் பிரஷ் மாற்றி, கூலி வாங்கிக்கொண்டு அனுப்பினேன். அதை ஓட வைப்பதில் தப்பில்லை.