ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு: பேருந்தில் கடற்பாலம் கடப்பது எப்படி?

எனக்கு வீடு ஜொகூர் பாருவில், வேலை சிங்கப்பூரில். ஈப்போவிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ சொந்தக்காரர்கள் வந்தால், இரண்டு ஊரையும் இணைக்கும் கடற்பாலம் தாண்டிக் கூட்டிப்போவது என் பொறுப்பு. முதல் தடவை வருபவர்களுக்குப் பேருந்துதான் என் சிபாரிசு.

கிளம்பும் முன் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இன்னும் ஆறு மாதமாவது செல்லுமா என்று பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரின் குடிநுழைவு (இமிகிரேஷன்), சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள். மலேசியாவுக்குள் நுழையவும் இதேபோல ஒரு மின் அட்டை உண்டு.

இந்தியக் கடப்பிதழில் வருபவர்கள் சிங்கப்பூர் விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று போட்டிருப்பதைக் கட்டாயம் பாருங்கள். ஒரே முறை என்றால், சிங்கப்பூரில் தங்கிக்கொண்டு ஜொகூரை எட்டிப் பார்த்துவிட்டு வர முடியாது. வெளியே வந்தால் அந்த விசா முடிந்தது.

சரி, பயணம். ஜொகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடைபாதை வழியாகவே மலேசியச் சோதனைச்சாவடியான சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்துக்குள் போய்விடலாம். மலேசியக் குடிநுழைவு முடித்துக் கீழே இறங்கினால் பேருந்துகள். உட்லண்ட்ஸ் போக 950, கிராஞ்சி போக 170எக்ஸ். சிராங்கூன் சாலைப் பக்கம் போகிறவர்கள் 170 ஏறி குவீன் ஸ்திரீட்டில் இறங்கி நடக்கலாம்.

பாலம் ஒரு கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் எல்லாரும் இறங்க வேண்டும். ஒரு பையைக்கூட இருக்கையில் விடாதீர்கள். வந்த பேருந்து உங்களுக்காக நிற்காது. குடிநுழைவும் பை சோதனையும் முடிந்து கீழே வந்து, அதே எண்ணில் அடுத்து வரும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். அட்டையில் கட்டணம் செலுத்தினால் இறங்கும்போதும் தட்டுங்கள். காஸ்வே லிங்க் நிறுவனத்தின் மஞ்சள் பேருந்தில் காசு கொடுத்து ஏறினால் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த வண்டியில் கேட்பார்கள்.

பையில் சூயிங்கம், மின்சிகரெட் வேண்டவே வேண்டாம். சாதாரண சிகரெட் ஒரு பாக்கெட் இருந்தாலும் வரி உண்டு. மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு மதுவுக்கும் வரிவிலக்கு இல்லை. இருந்தால் சுங்கச் சோதனையில் சிவப்பு வழியில் போய் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வேலை நாளில் விடியற்காலையிலேயே சிங்கப்பூர்ப் பக்கம் கூட்டம் நெரியும். வெள்ளி மாலையில் அது அப்படியே ஜொகூர்ப் பக்கம் திரும்பும். சுற்றிப்பார்க்க வருபவர்கள் வேலை நாளில் பத்து மணிக்கு மேல் கிளம்பினால் போதும். பள்ளி விடுமுறை, தீபாவளி, சீனப் புத்தாண்டு நேரங்களில் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். குழந்தைகளோடு அப்போது போகாதீர்கள்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களை மட்டும் நான் பேருந்தில் ஏற்றுவதில்லை. அவர்களுக்கு ஷட்டில் தெப்ராவ் ரயில். ஜேபி சென்ட்ரலில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் உட்லண்ட்ஸ். போக ஐந்து ரிங்கிட், திரும்ப ஐந்து சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). திரும்பும்போது இரு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். வார இறுதிச் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், தேதி முடிவானதும் மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் செயலியில் போக வர இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.