தூளியை எப்போது நிறுத்துவது?

குழந்தை முழுசாகத் தூங்கும் வரை தூளியை ஆட்டாதீர்கள். கண் சொக்கி, மூடிய கை லேசாக விரியும்போதே நிறுத்திவிடுங்கள். நாலைந்து நாள் பழகியதும், அதே அரைத்தூக்கத்தில் கோரைப்பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துத் தட்டிக்கொடுங்கள், தலையணை வேண்டாம்.

பெரியவர்களைப் போலவே குழந்தைக்கும் இரவில் பல தடவை விழிப்புத் தட்டும். ஆட்டத்திலேயே தூங்கிய பிள்ளை அப்போது ஆட்டத்தைத் தேடி அழும். அசையாத இடத்தில் கண்மூடிப் பழகியது பெரும்பாலும் தானே தூங்கிவிடும். டெல்டா பக்கம் நடவு, அறுப்பு நாளில் விடியுமுன் வயலுக்குக் கிளம்பும் அம்மாக்களுக்கு அந்தத் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம்!

நான்கு மாதம் ஆகாத பிஞ்சுக்கு இது வேண்டாம், அது பசிக்கு எழும், பால் கொடுங்கள். காய்ச்சல், தடுப்பூசி போட்ட இரவு, கரண்ட் போய்ப் புழுங்கும் இரவு என்றாலும் விட்டுவிடுங்கள்.