குடைத்துணி, தலைமயிர், பழைய சீடி: வெளிச்சம் வளையுறத வீட்டுலயே அளக்குறது எப்படி

ராத்திரி மழைக்குள்ள தோட்டத்து ரோட்டுல நடந்து வர்றப்ப குடைய முன்னுக்குச் சரிச்சிப் பிடிச்சிருப்பீங்க, அப்ப தூரத்துல பெக்டரி லைட்டு குடைத்துணி வழியா தெரியும், ஆனா ஒரு லைட்டாத் தெரியாது, நடுவுல ஒண்ணு, அதச் சுத்தி சிலுவை மாதிரி நாலு பக்கமும் சின்னச் சின்னப் புள்ளியா வரிசை கட்டி நிக்கும், ஒவ்வொரு புள்ளிக்கும் ஓரத்துல கொஞ்சம் நிறம். சின்ன வயசுல நான் கண்ணுக்குள்ள தண்ணி போயிருச்சின்னு நினைச்சி கண்ணைத் தேய்ச்சிக்கிட்டே லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கேன். ஏ/எல் பிஸிக்ஸ்ல இதே பாடத்தைப் படிச்சப்பகூட அதுவும் இதுவும் ஒண்ணுன்னு மண்டைல உறைக்கல, ஏன்னா எனக்குக் கெடைச்சது ஒரு படமும் ஒரு சூத்திரமும்தான்.

நம்ம இலங்கைப் பாடப்புத்தகத்துல இதுக்குப் பேரு கோணல். இந்தியாவுல விளிம்பு விளைவுன்னு எழுதுவாங்க. எனக்கு கோணல்தான் புடிச்சிருக்கு, வெளிச்சம் நேராப் போகாம கோணலாப் போகுதுன்னு பேர்லயே இருக்குல்ல.

செய்யுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். நீங்க ஸ்தோப்புல, அதாவது வீட்டு முன் திண்ணைல, கதவுக்கு ஓரமா நிக்கிறீங்க, உள்ள அம்மா பேசுறது நல்லாக் கேக்குது, ஆனா அம்மாவத் தெரியல. சத்தம் வாசல் வழியா வெளிய வந்ததும் விசிறி மாதிரி விரியுது, வெளிச்சம் அப்படி விரியல. ரெண்டும் அலைதான். ஆனா 340 ஹேர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் கிட்டத்தட்ட 1 மீட்டர், வாசலும் கிட்டத்தட்ட 1 மீட்டர். வெளிச்சத்தோட அலைநீளம் 0.0004 மில்லிமீட்டர்ல இருந்து 0.0007 மில்லிமீட்டர் வரைக்கும்தான், அதுக்கு நம்ம வாசல் ஒரு பெரிய மைதானம். அலைநீளத்தோட ஒப்பிடுறப்ப எவ்வளவு ஒடுக்கமான இடைவெளியோ அவ்வளவுக்கு விரியும், இதை மட்டும் புடிச்சிக்கங்க. அதனாலதான் வெளிச்சத்தை வளைக்கணும்னா ஒடுக்கமான சாமான் தேடணும், நூலு, மயிரு, சீடி கோடு, இப்படி.

முதல் வேலை: குடை

கறுப்புக் குடை நல்லது. 50 மீட்டராவது தள்ளி ஒரு சின்ன லைட்டு வேணும், பெரிய டியூப் லைட்டு சரிவராது. துணியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போய் பாருங்க. புள்ளி தெரிஞ்சதும் குடையை மெதுவா சுத்துங்க, புள்ளி வரிசையும் கூடவே சுத்தும். இப்ப சுத்தாம, இடது வலதா கொஞ்சம் நகர்த்துங்க. புள்ளி நகராது!

இங்கதான் நின்னு யோசிக்கணும். துணி ஓட்டைல கசியுற வெளிச்சந்தான் அந்தப் புள்ளின்னா, துணி நகர்ந்தா அதுவும் நகரணும். நகரலன்னா, அந்தப் புள்ளிய எந்த ஒரு ஓட்டையும் தனியா உண்டாக்கல, எல்லா ஓட்டையும் சேர்ந்து உண்டாக்குது. இதே விஷயத்தைப் பாத்து மண்டை காஞ்சவரு ஒருத்தர் அமெரிக்காவுல இருந்தாரு, ஃபிரான்சிஸ் ஹொப்கின்சன், வீட்டு வாசல்ல உக்காந்து பட்டுக் கைலேஞ்சி (கைக்குட்டை) வழியா தெரு விளக்கைப் பாத்தவரு, லேஞ்சிய ஆட்டினாலும் கோடு ஆடலியே ஏன்னு 1785ல டேவிட் ரிட்டன்ஹவுஸ்ங்கிற வானியல்காரருக்குக் கடிதம் போட்டாரு. ரிட்டன்ஹவுஸ் சும்மா பதில் எழுதல, ரெண்டு மெல்லிய ஸ்குரூ ஆணியோட புரிக்குள்ள மயிரை ஒண்ணு ஒண்ணா வச்சி அம்பது மயிர் மட்டுக்கும் கட்டி அது வழியா வெளிச்சத்தை விட்டு அளந்தாரு. கிரேட்டிங்னு நாம இன்னைக்குச் சொல்ற, சம இடைவெளில நெருக்கமாக் கோடு போட்ட சாமானை மொத முதல்ல மனுசன் செஞ்சது அப்படித்தான். அதுக்கு நூறு வருசத்துக்கும் முன்னாடியே ஜேம்ஸ் கிரெகரி ஒரு பறவை இறகு வழியா சூரிய வெளிச்சத்தை விட்டு நிறம் பிரியுறதப் பாத்திருக்காரு, நீங்க வேணும்னா கோழி இறகை வச்சி தூரத்து லைட்டைப் பாருங்க, சூரியனை மட்டும் எதை வச்சும் பாக்கக் கூடாது.

யாத்திரை சீசன் நேரத்துல மஸ்கெலியா பக்கம் போனா சிவனொளிபாதமலை லைட்டு வரிசையைக் குடை வழியாப் பாருங்க, ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு சிலுவை வரும். நான் பாத்தப்ப கூட வந்தவங்க, மழையில்லாத ராத்திரில இவன் ஏன் குடைய மூஞ்சில வச்சிக்கிட்டு நிக்கிறான்னு சிரிச்சாங்க, வாங்கிப் பாத்ததுக்கு அப்புறம் குடை எனக்குத் திரும்பி வரவே இல்ல.

ரெண்டாவது: தலைமயிரு

இதுக்கு சிவப்பு லேசர் வேணும், டவுன்ல பேவ்மென்ட்ல விக்கிற சாவிக்கொத்து லேசர் போதும். பச்சை வேணாம், மலிவுப் பச்சை லேசர்ல கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் சேர்ந்து வரலாம். எந்த லேசரையும் ஆள் மூஞ்சிக்கு நேரா அடிக்கக் கூடாது, சின்னப் பிள்ளைங்க இருந்தா லேசரை அவங்க கைல குடுக்கவே வேணாம். முன்னுக்கு பூ, பட்டாம்பூச்சி டிசைன் போட்ட மூடி இருந்தா கழட்டி வச்சிருங்க, தூக்கிப் போடாதீங்க, அந்த மூடியும் ஒரு வகைக் கிரேட்டிங்தான்.

லேசரை மேசைல வச்சி பட்டன் மேல துணிக் கிளிப்பு மாட்டுங்க. லேசர் வாய்க்கு முன்னாடி ஒரு மயிரை நேரா இழுத்து டேப் போட்டு ஒட்டுங்க. ராத்திரி, லைட்டை நிப்பாட்டிட்டு எதிர்ச் சுவத்தைப் பாருங்க. ஒரு புள்ளி இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு பக்கமும் நீண்ட சிவப்புக் கோடு, நடுவுல அங்கங்க கறுப்பு வெட்டு. மயிரு நெட்டுக்கு நின்னா கோடு கிடையா விரியும், ஒடுக்கமான பக்கம்தான் விரியும்.

இப்ப கணக்கு. மயிரோட தடிப்பு = அலைநீளம் × சுவர் தூரம் ÷ பக்கத்துப் பக்கத்து கறுப்பு வெட்டுக்கு இடையில உள்ள தூரம். நடுப் புள்ளிக்கு ரெண்டு பக்கமும் உள்ள முதல் கறுப்புகளுக்கு நடுவுல எனக்கு 4.6 சென்டிமீட்டர் வந்துச்சி, ஆனா நடுப் பட்டை மத்ததைவிட ரெண்டு மடங்கு அகலம், அதனால அதுல பாதி, 2.3 சென்டிமீட்டர் எடுக்கணும். சுவர் 2.5 மீட்டர் தூரம். லேசர் 650 நானோமீட்டர். போட்டுப் பாத்தா 0.07 மில்லிமீட்டர். பள்ளிக்கூட அடிமட்டத்தை வச்சி ஒரு மயிரோட தடிப்பை அளந்தாச்சி, இதுக்கு மேல என்ன வேணும் சொல்லுங்க.

மயிரு அடைக்கத்தானே செய்யுது, ஓட்டை எங்கன்னு கேப்பீங்க. அதே அகலத்துல ஒரு வெடிப்பு இருந்தாலும் நடுப் புள்ளியத் தவிர மத்த கோலம் அப்படியே இதே மாதிரிதான் வரும், பாபினே தத்துவம்னு பேரு.

மூணாவது: சீடி, இதுதான் முக்கியமான வேலை

சீடிக்குள்ள பாட்டு இருக்கிற கோடு சுருளாச் சுத்திச் சுத்திப் போகுது, பக்கத்துப் பக்கத்து கோட்டுக்கு நடுவுல 1.6 மைக்ரோமீட்டர், அதாவது 1600 நானோமீட்டர். இதை நாம நம்பத் தேவையில்ல, அளப்போம்.

ஒரு பெரிய காட்போட் மட்டை எடுத்து நடுவுல பேனா நுழையுற ஓட்டை போடுங்க. மட்டைக்குப் பின்னால லேசர், ஓட்டை வழியா முன்னுக்கு வரணும். மட்டைல இருந்து சரியா 30 சென்டிமீட்டர் தள்ளி சீடிய நிமித்தி வைங்க, மினுங்குற பக்கம் மட்டையைப் பாக்கணும், ரெண்டு புத்தகத்துக்கு நடுவுல செருகினா நிக்கும். லேசர் சீடியோட நடு ஓட்டைக்கு வலப்பக்கத்துல, ஓரத்துக்குக் கிட்ட படட்டும். தெறிச்சி வர்ற நடுப் புள்ளி, புறப்பட்ட ஓட்டைலயே வந்து விழுற வரைக்கும் சீடியத் திருத்துங்க.

அந்தக் கடைசி வரியை நான் ஒரு நாள் முழுக்க அலட்சியம் பண்ணினேன். இடது பக்கப் புள்ளி 11 சென்டிமீட்டர்ல, வலது பக்கம் 17ல, விடை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு, லேசர் மோசம்னு வித்தவனைத் திட்டிக்கிட்டிருந்தேன். பாத்தா சீடி லேசா சாஞ்சி நின்னிருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே தூரம் வந்தா மட்டும்தான் அளக்கணும்.

நிமித்தினதுக்கு அப்புறம் ரெண்டு பக்கமும் 13.5 வந்துச்சி. சூத்திரம் இதுதான்: கோட்டு இடைவெளி × சைன் கோணம் = எண் × அலைநீளம். நடுவுல இருந்து முதல் புள்ளிக்கு எண் 1, அடுத்ததுக்கு 2. சைன் எடுக்க கல்குலேட்டர்கூட வேணாம், 13.5ஐ சாய்வுத் தூரத்தால வகுத்தாப் போதும், சாய்வு பைதகரஸ் போட்டா 32.9. சைன் 0.41. 650ஐ 0.41ஆல வகுத்தா 1585. உண்மை 1600, நான் 15 நானோமீட்டர் பிழை. இந்த லேசர்ல லேபிளே 630ல இருந்து 680 வரைக்கும்னு போட்டிருக்கும், அதனால இவ்வளவு கிட்ட வந்ததுல கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கு.

சூத்திரம் எங்க இருந்து வந்துச்சி? காமன் கூத்துல தப்பு மேளம் அடிக்கிறவங்கள நினைச்சிக்கங்க. ரெண்டு பேரு ஒரே தாளம் அடிக்கிறாங்க, ஒருத்தரு சரியா ஒரு அடி பிந்தினாலும் தாளம் பொருந்திரும், அரை அடி பிந்தினா ஒருத்தரோட சத்தம் மத்தவரோட இடைவெளில விழுந்து குழம்பிரும். சீடியோட ஒவ்வொரு கோடும் ஒரு தப்பு மேளம். பக்கத்துக் கோட்டு அலை சரியா ஒரு அலைநீளம் பிந்தி வர்ற திசைல எல்லா அலையும் மேட்டோட மேடு சேருது, அங்க புள்ளி. வெளிச்சத்துல அரை அலைநீளம் பிந்தினா குழப்பம்கூட இல்ல, மேடும் பள்ளமும் சேர்ந்து ஒண்ணுமே இல்லாமப் போயிரும், இருட்டு. சரி, ரெண்டு கோடு மட்டும் இருந்தா புள்ளி ஏன் மங்கலா அகலமா இருக்கு, சீடில மட்டும் ஏன் ஊசி குத்தின மாதிரி இருக்கு? லேசர் படுற 2 மில்லிமீட்டருக்குள்ள ஆயிரத்துக்கு மேல கோடு இருக்கு. திசை ஒரு துளி மாறினா பக்கத்துக் கோட்டோட கிட்டத்தட்டப் பொருந்தும்தான், ஆனா அந்தத் துளி வித்தியாசம் கோட்டுக்குக் கோடு கூடிக்கிட்டே போய் அறுநூறாவது கோட்டுக்கு வர்றப்ப அரை அடி பிந்தி முதலாவதைக் கொன்னுரும், ரெண்டாவதை அறுநூத்தியோராவது கொல்லும், இப்படி மொத்தமும் காலி. அதனால கோடு கூடக் கூட புள்ளி கூர்மை.

நிறம் பிரியுறதும் இதாலதான், சிவப்புக்கு அலைநீளம் கூட, அதனால கூட விலகும், நீலம் நடுவுக்குக் கிட்ட நிக்கும். பட்டகத்துல (முக்கோணக் கண்ணாடில) இதுக்கு நேர் எதிர், அங்க நீலம்தான் கூட வளையும், பரீட்சைல பிள்ளைங்க மாத்தி எழுதுற இடம் இது.

பனிமூட்டம் வந்தா

நுவரெலியா பக்கம் இருக்கிறவங்களுக்கு இது ஓசிப் படம். மெல்லிசான பனிமூட்டத்துல லைட்டைச் சுத்தி நிற வட்டம் தெரியும், வெளி ஓரம் சிவப்பா இருக்கும். ஒவ்வொரு நீர்த்துளியும் மயிரு செஞ்ச வேலையையே செய்யுது, துளி உருண்டைங்கிறதால கோட்டுக்குப் பதிலா வட்டம். துளி சின்னதா இருந்தா வட்டம் பெருசு. நிலாவச் சுத்தி ரொம்பப் பெருசா, 22 பாகைல வர்ற வளையம் வேற, அது மேல உள்ள பனிப்பளிங்குல வெளிச்சம் முறியுறதால வர்றது, அதுல சிவப்பு உள்ளுக்குள்ள இருக்கும். பனிமூட்டம் இல்லாட்டி பஸ் கண்ணாடில ஊதிட்டு எதிர்ல வர்ற வண்டி லைட்டைப் பாருங்க, சீட்டுல இருந்தே வட்டம் கெடைக்கும்.

கடைசியா ஒரு வேலை, சீடிய எடுத்துட்டு அதே இடத்துல டிவிடிய வைங்க. முதல் புள்ளியவே காணோம்னு தேடுவீங்க, டிவிடி கோட்டு இடைவெளி 740 நானோமீட்டர், அதனால புள்ளி 61 பாகைக்கு ஓடிரும், மட்டைய விட்டு வெளிய போயிருக்கும். டிவிடிய 10 சென்டிமீட்டருக்குக் கிட்டக் கொண்டு வந்தா 18 சென்டிமீட்டர்ல புடிக்கலாம். ரெண்டாவது புள்ளிய மட்டும் தேடாதீங்க, கணக்குப் போட்டா சைன் 1.76 வரும், அப்படி ஒரு கோணமே கெடையாது.