கூட்டம் முடிந்த மறுநாள் போட்டோவில் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்களுக்கு

பக்கத்துத் தெருவிலேயே ஒரு வாசிப்பு வட்டம் கூடியிருக்கும், நடந்தே போகிற தூரத்தில் ஓர் ஆர்ப்பாட்டம் நடந்திருக்கும். நமக்கு அது மறுநாள் காலையில் யாரோ போட்ட போட்டோவைப் பார்த்துத்தான் தெரியவரும். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டால், "ஒரு வாரமா போட்டுட்டுத்தானே இருந்தோம்" என்பார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. போட்டவர் ஒரு படத்தைப் போட்டார், தேடியவர் எழுத்தைத் தேடினார், அவ்வளவுதான்.

முதலில் தேடுகிற பக்கம். ஊர் பெயரோடு "இன்றைய நிகழ்ச்சிகள்" என்று கூகுளில் அடித்தால் வருவதெல்லாம் இசைக் கச்சேரி, ஸ்டாண்டப் காமெடி, தள்ளுபடி விற்பனை. காரணம் எளிது: டிக்கெட் விற்கிறவருக்குத் தன் நிகழ்ச்சி தேடலில் வந்தே ஆகவேண்டும், அதற்காக ஆள் வைத்துச் செலவழிக்கிறார். இலவசக் கூட்டம் நடத்துகிறவரிடம் இருப்பது ஒரு போனும் ஒரு போஸ்டரும். அதனால் நிகழ்ச்சியைத் தேடுவதை விட்டுவிட்டு நடத்துகிறவர்களைத் தேடுங்கள்.

நீங்கள் தவறவிட்ட அந்தக் கூட்டத்தின் போஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இரண்டு மூன்று அமைப்புகளின் பெயர் இருக்கும், நடுவில் பேச்சாளர்கள் பெயர், ஒரு மூலையில் அரங்கின் பெயர். அமைப்புகளைப் பின்தொடர வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். பேச்சாளர்களையும் பின்தொடருங்கள், அடுத்து எங்கே பேசப் போகிறேன் என்று அவர்களே எழுதுவார்கள். எல்லாவற்றையும்விட நான் நம்புவது அரங்கைத்தான். குறைந்த வாடகைக்கு, யார் என்ன பேசப் போகிறார்கள் என்று அதிகம் நோண்டாமல் இடம் தருகிற அரங்குகள் எந்த ஊரிலும் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கும். அதில் இரண்டு மூன்றின் பெயரைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, கூகுளின் கால வடிகட்டியில் 'கடந்த வாரம்' என்று வைத்துப் பாருங்கள், எந்தச் சங்கம் எப்போது கூடுகிறது என்பது ஒவ்வொன்றாக வெளியே வரும்.

சொல்லையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒருவர் 'கூட்டம்' என்பார், இன்னொருவர் 'சந்திப்பு', மூன்றாமவர் 'கலந்துரையாடல்', 'முகாம்', 'பேரணி', 'அரங்கக் கூட்டம்'. பகுதிப் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரே பெயரை நான்கு விதமாக எழுதுகிறவர்கள் நாம். ஒரே சொல்லைத் தினமும் தேடிச் சலித்துப்போனால் கூகுள் அலர்ட்டில் போட்டுவையுங்கள், புதிதாக ஏதாவது வந்தால் மெயிலுக்கு வந்துவிடும். ஃபேஸ்புக்கில் நிகழ்வுகள் பகுதிக்குப் போய் இடத்தையும் தேதியையும் வைத்து வடிகட்டலாம். குழுக்கள் தங்கள் சந்திப்புகளை அறிவிக்கிற மீட்டப் தளம் 2002-லிருந்து இருக்கிறது, படிப்பு வட்டம், கணினி ஆர்வலர் குழு போன்றவை அதில் கிடைக்கும். ஆனால் குழு நடத்துகிறவர் அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்பதால் கையில் காசில்லாத இயக்கங்கள் அங்கே குறைவு.

வாட்ஸ்அப் குழுக்களை வெளியிலிருந்து தேடவே முடியாது, டெலிகிராமிலும் பொதுவாகத் திறந்துவைத்தவை மட்டும்தான் தேடலில் வரும். இதற்கு ஒரே வழி ஒருமுறை நேரில் போவது. கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்குகிற நேரத்தில் நீங்களும் நாலு நாற்காலியை எடுத்து அடுக்கிக்கொண்டே "அடுத்த கூட்டம் எப்போங்க?" என்று கேளுங்கள். குழுவில் சேர்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

கிளம்பும் முன் ஒரு விஷயம். பழைய ஃபார்வர்டுகள் சாவதே இல்லை. தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று காலண்டரில் பாருங்கள், பொருந்தவில்லை என்றால் அது பெரும்பாலும் போன வருடத்துப் போஸ்டர். நடத்துகிறவர்களின் சொந்தப் பக்கத்திலும் அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சந்தேகமாக இருந்தால் போன் அடித்துக் கேட்டுவிடுவது நல்லது.

சரி, இப்போது நீங்களே ஒன்று நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

போஸ்டர் அடிக்கும் முன்னால் அறிவிப்பை எழுத்தாக எழுதுங்கள். இதில் நானும் சறுக்கியவன்தான். ஒரு கூட்டத்துக்கு "வரும் ஞாயிறு மாலை 5 மணி" என்று மட்டும் போட்டு அனுப்பினேன். அது நாலு குழு சுற்றி அடுத்த வாரம் யாரிடமோ போய்ச் சேர, பூட்டிய அரங்கின் வாசலில் நின்றபடி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து இப்படித்தான் எழுதுகிறேன்:

"ஏரிக்கரையைச் சுத்தம் செய்கிறோம். 14 மார்ச் 2026, சனிக்கிழமை, காலை 6.30 முதல் 9 மணி வரை. ஏரியின் கிழக்கு வாசல், தண்ணீர்த் தொட்டி அருகில் (மேப் லிங்க் கீழே). கையுறை, சாக்கு நாங்கள் தருகிறோம், தொப்பியும் குடிதண்ணீரும் கொண்டுவாருங்கள். குழந்தைகளோடு வரலாம். சக்கர நாற்காலி வாசல் வரை வரும், கரைமேல் ஏறாது. மழை பெய்தால் அடுத்த சனிக்கிழமை, முந்தைய இரவு 8 மணிக்கு இதே லிங்க்கில் சொல்லிவிடுவோம்."

வருடம், கிழமை, முடிகிற நேரம், எந்த வாசல், மழை வந்தால் என்ன. புதிதாக வருகிறவர் போன் அடித்துக் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகள் இவைதான். முடிகிற நேரம் போடாததால் வராமல் போகிறவர்கள் நிறைய, வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இணையவழிக் கூட்டம் என்றால் எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

போஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படத்துக்குள் இருக்கும் தமிழ் எழுத்தைத் தேடல் எடுத்துக்கொடுக்கும் என்று நம்பி உட்காராதீர்கள், பார்வையற்றவரின் போன் அதை வாசித்துக் காட்டும் என்பதும் நிச்சயமில்லை. படத்தோடு கூடவே அதே விவரத்தை எழுத்தாகவும் போடுங்கள். இங்கே நமக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது: டிசைனர் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த வாசகத்தை நகலெடுத்து ஒட்டும்போது புரியாத ஆங்கில எழுத்துக்குவியலாக வரும். எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, இல்லையென்றால் முதலில் யூனிகோடில் எழுதிவிட்டு அதை டிசைனரிடம் கொடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன், எழுத்துப் பிழையும் குறைகிறது.

அப்புறம், எல்லா விவரமும் இருக்கிற ஒரே ஓர் இடம் வேண்டும். லாகின் கேட்காத பக்கமாக இருந்தால் நல்லது. வலைப்பூ போதும், பொதுவில் வைத்த கூகுள் காலண்டர் போதும். காலண்டரில் ஒரு வசதி, சேர்ந்துகொண்டவர்களின் போனில் உங்கள் அடுத்தடுத்த கூட்டங்கள் தானாக ஏறிவிடும். பெரிய நிறுவனங்களைச் சார்ந்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு மொபிலிசோன் இருக்கிறது, நிகழ்ச்சிகளை அறிவிப்பதற்காகப் பிரான்ஸின் ஃபிராமாசாஃப்ட் அமைப்பு 2020-இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். எங்கே போட்டாலும் சரி, மற்ற இடங்களில் எல்லாம் அந்த லிங்க்கையே கொடுங்கள். நேரம் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். இன்ஸ்டாகிராமில் மட்டும் படத்துக்குக் கீழே எழுதுகிற லிங்க்கைத் தட்டினால் திறக்காது, அதைப் புரொஃபைலிலோ ஸ்டோரியிலோ வைக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பரப்பும்போது அதன் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்குத்தான் ஃபார்வர்டு செய்யலாம். அது பல கை மாறி 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' ஆகிவிட்டால் ஒவ்வொரு இடமாகத்தான் அனுப்ப முடியும், 2020-இல் வந்த கட்டுப்பாடு இது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். "எல்லாருக்கும் அனுப்பிட்டேன், யாருமே வரல" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டியிருப்பார்கள். ஐம்பது குழுவுக்குத் தட்டிவிடுவதைவிட, பத்துப் பேரிடம் ஆளுக்கொரு குழுவில் "நான் போறேன், நீங்களும் வாங்க" என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அதற்குத்தான் ஆள் வருகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒன்று, மூன்று நாளுக்கு முன்னால் ஒன்று, அன்று காலையில் ஒன்று. அதற்கு மேல் போனால் மியூட் செய்துவிடுவார்கள்.

போராட்டம் மாதிரியான நிகழ்ச்சி என்றால் வேறு கவனமும் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த எல்லாருக்கும் எல்லாருடைய எண்ணும் தெரியும். அறிவிப்புக்கு மட்டும் என்றால் சேனல் வைத்துக்கொள்ளுங்கள், அதில் பின்தொடர்கிறவர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. டெலிகிராம் குழுப் பேச்சு முழுமையாகப் பூட்டப்பட்டது என்று நினைக்காதீர்கள், பேசிக்கொள்கிறவர்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுகிற முனைக்கு முனை மறையாக்கம் அங்கே குழுக்களுக்குக் கிடையாது. பதிவுப் படிவத்தில் தேவையில்லாததைக் கேட்காதீர்கள். பெயர்ப்பட்டியல் ஏறுகிற ஷீட்டை 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று விட்டுவிடாதீர்கள், இந்தத் தவற்றை விவரமானவர்களே செய்து பார்த்திருக்கிறேன். முகம் தெரிகிற படங்களைப் போடும் முன் கேட்டுவிடுங்கள், கூட்டத்துக்கு வந்தது அலுவலகத்துக்குத் தெரிந்தால் சிலருக்கு வேலையே போய்விடும்.

ரத்தானால் பதிவை அழிக்காதீர்கள். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிற லிங்க்கைத் தட்டுகிறவருக்கு வெற்றுப் பக்கம் வந்தால் அவர் கிளம்பித்தான் வருவார். தலைப்பின் தொடக்கத்திலேயே "ரத்து" என்று எழுதுங்கள். நடந்து முடிந்தால் அதே பக்கத்தில் நாலு வரி, ஒரு படம், கூடவே அடுத்த கூட்டத்தின் தேதி. மறுநாள் போட்டோவைப் பார்த்துத் தேடிக்கொண்டு வருகிறவர் அங்கேதான் வந்து இறங்குவார்.